மூடப்பட்ட சுரங்கமும் மூடப்படாத கணக்கும்

ஓர் ஆலயத்தை இனி வழிபாட்டுக்குப் பயன்படுத்தவே இயலாது, அதனைப் பழுதுபார்க்கவும் வழியில்லை என்னும் நிலை ஏற்படுமானால், அக்கட்டடத்தை உலகியல் பயன்பாட்டுக்கு விடுவிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 1222ஆம் விதியில் இதனைக் கூறுகிறது. ஆனால், அதே விதி ஒரு வரம்பையும் இடுகிறது: அப்பயன்பாடு இழிவானதாக இருத்தலாகாது. எண்ணிப் பார்த்தால் இது வியப்புக்குரிய வரம்பே. பீடம் அகற்றப்பட்டு, நற்கருணைப் பேழை எடுத்துச் செல்லப்பட்டு, மணியோசையும் நின்ற பின்னர் அங்கே எஞ்சுவது செங்கல்லும் சுண்ணாம்பும்தானே? அதற்குள் எது நடந்தால்தான் என்ன? சட்டம் அவ்வாறு கருதவில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதர் முழந்தாளிட்ட இடம், அவர்கள் போன பின்னும் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதே அவ்விதியின் உள்ளுறை.

மனிதர் மன்றாடிய இடத்துக்கு இத்தகைய உரிமை உண்டென்றால், மனிதர் உழைத்த இடத்துக்கும் அது உண்டா? வியர்வை சிந்திய கூடத்தை, தொழில் நின்ற பின்னர், நம் விருப்பம்போல் எதற்கும் பயன்படுத்தலாமா?

இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் தொழிற்சாலைகளும் துறைமுகக் கிடங்குகளும் சுரங்கங்களும் மூடப்பட்டுள்ளன. அவற்றுள் பல, அருங்காட்சியகங்களாகவும் நாடக அரங்குகளாகவும் ஓவியர் கூடங்களாகவும் மாற்றப்பட்டு, 'பண்பாட்டு வட்டாரம்', 'படைப்பாற்றல் வட்டாரம்' என்னும் புதுப்பெயர்களைப் பெற்றுள்ளன. இடிந்து கிடந்த இடத்தில் இசை கேட்பது நல்லதே. ஆயினும், எந்த நிபந்தனைகளின் பேரில் அது நல்லது என்று வினவுவது நம் கடமை. அதற்குத் துணையாக, உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றை ஆராய்வோம்.

கரி ஏறிய வாயில்

செருமனியின் மேற்கே உள்ள ரூர் வட்டாரம், நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்றிருந்தது. அங்கே எஸ்ஸென் நகரில், பிரான்ஸ் ஹானியேல் என்னும் தொழிலதிபர் 1847இல் தொடங்கிய சுரங்கத்தின் பெயர் சோல்ஃபரைன். செருமானிய அரசுகள் 1834இல் தமக்குள் அமைத்துக்கொண்ட சுங்க ஒன்றியத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அச்சுரங்கத்தின் 12ஆம் குழி 1932இல் திறக்கப்பட்டது. ஃபிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் அதன் கட்டடங்களை வடிவமைத்தனர். சிவந்த செங்கல்லும் இரும்புச் சட்டங்களும் அளவாக இணைந்த கூடங்கள், அவற்றுக்கு மேலே 55 மீட்டர் உயர்ந்த இரும்புக் கோபுரம், நாளொன்றுக்கு 12,000 டன் கரியை மேலேற்றும் ஆற்றல் ஆகியன சேர்ந்து, உலகின் மிக அழகிய நிலக்கரிச் சுரங்கம் என்னும் புகழை அதற்கு ஈட்டித் தந்தன.

1986 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, அச்சுரங்கம் மூடப்பட்டது. கரியைச் சுட்டு உலைகளுக்கான கல்கரியாக்கும் ஆலை 1993இல் நின்றது. எல்லாவற்றையும் இடித்துப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். மாநில அரசோ நிலத்தை வாங்கிக் கட்டடங்களைக் காப்பாற்றியது. 1997இல், நார்மன் ஃபோஸ்டர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, கொதிகலன் கூடம் வடிவமைப்புக் கலை அருங்காட்சியகமாயிற்று. 2001இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தொழிலாளர் குளித்த கூடம் 2002 முதல் நடனக்கலை மையமாக விளங்குகிறது. 2010இல் எஸ்ஸென் நகர் ரூர் வட்டாரத்தின் சார்பில் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகத் திகழ்ந்தபோது, கரி கழுவிய ஆலைக்குள் ரூர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2017இல் ஃபோல்க்வாங் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையும் அங்கே குடிபுகுந்தது.

இது பாராட்டுக்குரிய பணி என்பதில் ஐயமில்லை. ஆனால், காண வருவோர் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. புகழ்பெற்ற 12ஆம் குழியின் வழியே மேலேறியது கரி. அதை வெட்டிய மனிதர் இறங்கியதும் ஏறியதும் பழைய குழிகளின் வழியே. உலகம் படம் பிடித்து மகிழும் அந்த எழில் முகப்பு, நிறுவனத்தின் பெருமையைப் பறைசாற்ற எழுப்பப்பட்டது. தொழிலாளியின் வாயில் சற்றுத் தள்ளி, ஆரவாரமின்றி இருந்தது. அங்கேதான் அவன் தன் உடைகளைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியால் கூரைவரை இழுத்து ஏற்றிவிட்டு, ஆழத்துக்கு இறங்கினான். பணி முடிந்து வந்ததும் கரித்தூள் படிந்த முதுகை அங்கேதான் கழுவினான்.

கருவியும் கருத்தாவும்

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். உழைப்புக்குப் புறக்கூறு உண்டு. கருவிகளும் இயந்திரங்களும் விளைபொருள்களும் அதனைச் சேர்ந்தவை. உழைப்புக்கு அகக்கூறும் உண்டு. உழைக்கின்ற மனிதரே அது. உழைப்பின் மதிப்பை அளப்பதற்கு முதன்மையான அடிப்படை அம்மனிதரே என்பது அம்மடலின் போதனை. பழைய தொழிலிடங்களைப் பற்றிய நம் கேள்விக்கு இந்த வேறுபாடு பெரிதும் பயன்படுகிறது. கோபுரத்தைத் துருப்பிடிக்காமல் காப்பது எளிது. சக்கரத்துக்கு வண்ணம் பூசுவதும் எளிது. அவையெல்லாம் புறக்கூற்றைச் சேர்ந்தவை. அகக்கூற்றை எப்படிக் காப்பது?

ரூர் சுரங்கங்களில் அந்த அகக்கூறு எண்ணற்ற முகங்களைக் கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போலந்து மொழி பேசுவோர் பெருந்திரளாய் வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது போர்க்கைதிகளும் கீழை நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டோரும் கட்டாயத்தின் பேரில் கரி வெட்டினர். 1961இல் துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியரும், 1963 முதல் தென்கொரியரும் வந்தனர். நுரையீரலில் கல்தூசு படிந்து மூச்சுத் திணறி இறந்தவர் பலர். எனவே, பழைய நாள்களைப் பொற்காலமாக வருணிப்பதும் பொய்யே. சுரங்கம் மூடப்பட்டதால் அந்நோய் இளையோரைத் தொடாமற் போனது நன்மையே அன்றோ?

'படைப்பாற்றல்' என்னும் சொல்லைப் பற்றியும் இங்கே ஒன்று கூற வேண்டும். இத்தனை காலமும் அங்கே படைப்பே நிகழாதிருந்து, இப்போதுதான் ஓவியரும் வடிவமைப்பாளரும் அதனைக் கொண்டு வந்தனர் என்பது போன்ற தொனி அச்சொல்லில் ஒலிக்கிறது. முட்டுக்கொடுத்த மரத்தின் முனகலைக் கேட்டே மேற்கூரை சரியப்போவதை அறிந்த மனிதனிடம் இருந்தது எவ்வளவு நுண்ணிய அறிவு! சுரங்கத் தொழிலாளர் தமக்கெனப் பாடகர் குழுக்களை நடத்தினர். புறா வளர்த்துப் பந்தயம் விட்டனர். வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டனர். டிசம்பர் 4ஆம் நாள் தம் பாதுகாவலியான புனித பார்பராவின் விழாவைக் கொண்டாடினர். அருகிலுள்ள கெல்சன்கிர்ஷன் நகரில் தொழிலாளர் குடியிருப்பு இளைஞர்கள் 1904இல் தொடங்கிய கால்பந்துக் குழுவே இன்று உலகறிந்த ஷால்க்க. பண்பாடு அங்கே ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்தது அதற்கான அனுமதிச்சீட்டுதான்.

ஆதலால், உழைத்த இடத்தின் 'இழிவான பயன்பாடு' எதுவென நாம் வரையறுக்கலாம். அங்கே நடனம் ஆடுவதோ ஓவியம் தொங்கவிடுவதோ இழிவு அன்று. உழைத்தவரை மறக்கச் செய்வதும், உழைத்தவரின் பிள்ளைகளை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதுமே இழிவு. இவ்விழிவைத் தவிர்க்க வேண்டுமாயின், நாம் மூன்று கடன்களைத் தீர்க்க வேண்டும்.

முதற்கடன்: உணவு

சுவருக்கு வண்ணம் பூசுமுன் தொழிலாளியின் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீதி இல்லாத இடத்தில் கலை வெறும் ஒப்பனையாகவே முடியும்.

இக்கடனை ரூர் மக்கள் பெருமளவு தீர்த்தனர். அதற்குக் காரணம் பிற்காலத்தவரின் இரக்கம் மட்டுமன்று. முன்கூட்டியே வென்றெடுத்த உரிமை. 1949இல் போஹும் நகரில் கூடிய செருமானியக் கத்தோலிக்கர் மாநாடு, நிறுவனத்தை நடத்துவதில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும் என்று அறிவித்தது. அக்கோரிக்கையைப் பொதுநிலையினரும் குருக்களும் சேர்ந்தே எழுப்பினர் என்பது நம் வாசகர் நினைவிற்கொள்ளத் தக்கது. தொழிற்சங்கங்களின் கடும் போராட்டத்தின் விளைவாக 1951இல் சட்டம் பிறந்தது. அச்சட்டம், நிலக்கரி மற்றும் எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் உரிமையாளருக்கு இணையான இடங்களைத் தொழிலாளருக்கு வழங்கியது. சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடும் காலம் வந்தபோது, முடிவெடுக்கும் மேசையில் தொழிலாளரும் அமர்ந்திருந்தனர். அதனால் முன்கூட்டிய ஓய்வூதியம், மாற்றுத் தொழிற்பயிற்சி, வேறு சுரங்கத்துக்கு மாற்றம் எனப் பல வழிகள் வகுக்கப்பட்டன. மானியத்தில் நடந்த நிலக்கரித் தொழிலை 2018க்குள் முடித்துவிட 2007இல் முடிவாயிற்று. பதினோர் ஆண்டு அவகாசம் கிடைத்தது. 2018 டிசம்பர் 21ஆம் நாள், பொட்ரோப் நகரில், அந்நாட்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பெயர் புரோஸ்பர்-ஹானியேல். சோல்ஃபரைனைத் தொடங்கியவரின் பெயரே அதிலும் இருந்தது.

இதே கேள்விக்கு நம் நாடு அளித்த விடை வேறு. பம்பாயின் நடுவே பஞ்சாலைகள் நிறைந்திருந்த பகுதியை மராத்தியர் 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர், என்று அழைத்தனர். 1982 ஜனவரி 18ஆம் நாள், தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் அங்கே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் முறைப்படி முடிவுக்கு வந்ததே இல்லை; வேலைதான் முடிவுக்கு வந்தது. 1991இல் வகுக்கப்பட்ட நகர வளர்ச்சி விதி, ஆலை நிலம் விற்பனைக்கும் புதுக் கட்டடங்களுக்கும் வரும்போது, அதில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் சேரும் வகையில் அமைந்திருந்தது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டு, கட்டடமற்ற காலி நிலத்துக்கு மட்டுமே பங்கீடு என்றாயிற்று. பொதுமக்களுக்குக் கிடைக்கவிருந்த பங்கு சுருங்கிப்போயிற்று. அத்திருத்தம் செல்லும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று அவ்வளாகங்களில் விளம்பர நிறுவனங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் உணவகங்களும் பேரங்காடிகளும் உள்ளன. பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி, பேரங்காடியின் நடுவே அழகுப் பொருளாய் நிற்கிறது. கமலா ஆலை வளாகத்தின் மாடி உணவகங்களில் 2017 டிசம்பர் 29 அதிகாலையில் பற்றிய தீயில் பதினான்கு பேர் மாண்டனர். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை வீடு கேட்டு விண்ணப்பித்தன. 2012 முதல் குலுக்கல் முறையில் சில ஆயிரம் ஆயிரமாக வீடுகள் ஒதுக்கப்பட்டன. முப்பதாண்டு நூல் நூற்றவர், தம் முதுமையில் சீட்டுக் குலுக்கலின் முன் நிற்கிறார். அந்தப் புகைபோக்கி எவ்வளவு அழகாக விளக்கேற்றப்பட்டாலும் இந்தக் கடன் தீராது.

இரண்டாம் கடன்: நினைவு

யோர்தானைக் கடந்த மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கரையில் நாட்டிய நிகழ்ச்சியை யோசுவா நூலில் வாசிக்கிறோம். அக்கற்கள் எதற்காக? பின்னொரு நாள் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவற்றின் பொருள் என்ன என்று கேட்பார்கள். அப்போது பெற்றோர் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆகவே, நினைவுச் சின்னத்துக்கு மூன்று தேவை: கல், கேட்கும் பிள்ளை, விடைசொல்லும் வாய். கல் மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லையெனில், அது வழிப்போக்கர் சாய்ந்து படமெடுத்துக்கொள்ளும் பாறையே.

சோல்ஃபரைனில் முன்னாள் தொழிலாளர் பலர் வழிகாட்டிகளாய்ப் பணிபுரிந்து, தாம் வேலை செய்த கூடங்களின் வழியே வந்தவரை அழைத்துச் சென்று, இரைச்சலையும் புழுதியையும் தம் சொற்களால் விளக்கியுள்ளனர். இது மெச்சத்தக்கது. ஆனால், மனிதர் மரிக்கின்றனர். ஆழத்தில் வேலை செய்த கடைசி மனிதரும் ஒரு நாள் மரிப்பார். அதற்குமுன் அவர்தம் குரல்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பம்பாயில் அரசும் ஆலை முதலாளிகளும் செய்யத் தவறியதைத் தனிமனிதர் சிலர் செய்தனர். நீரா அடார்கர், மீனா மேனன் என்னும் இருவர் ஆலைத் தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்து 2004இல் நூலாக வெளியிட்டனர். ஆலைத் தொழிலாளி ஒருவர் எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தையே பின்னாளில் நாராயண் சுர்வே என்னும் பெருங்கவிஞரானார் என்பதையும், நெசவாளருக்குச் சோறாக்கிப் போட்டுக் குடும்பத்தைக் காத்த பெண்கள் இருந்தனர் என்பதையும் புகைபோக்கி தானாகச் சொல்லாது. யாரேனும் சொல்ல வேண்டும்.

நினைவு நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும். விருந்தினர் மகிழ்வதற்காக இனிய பகுதிகளை மட்டும் சொல்வது நினைவு ஆகாது. கட்டாயத் தொழிலாளரின் பசியும், நோயாளியின் இருமலும், முறிந்துபோன வேலைநிறுத்தமும் அதில் இடம்பெற வேண்டும்.

மூன்றாம் கடன்: வாயில்

இறுதியாக, உழைத்தவரின் மக்களுக்கும் அண்டை அயலாருக்கும் அவ்வாயில் திறந்திருக்க வேண்டும். இங்கே சோல்ஃபரைனும் தலைநிமிர்ந்து நிற்க இயலவில்லை. எஸ்ஸென் நகரைக் குறுக்கே வெட்டும் நெடுஞ்சாலையைச் செல்வருக்கும் ஏழையருக்கும் இடையிலான நடுக்கோடு என்றே அவ்வூரார் குறிப்பிடுகின்றனர். அச்சாலைக்கு வடக்கே, சுரங்கத்தைச் சுற்றியுள்ள கட்டர்ன்பெர்க் முதலிய பகுதிகளில் வேலையின்மை நீங்கியபாடில்லை. அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் தந்த வேலைகள், சுரங்கம் ஒரு காலத்தில் தந்த வேலைகளுக்கு ஈடாகவில்லை. கரி வெட்டியவரின் பேரனுக்கு வடிவமைப்பு நிறுவனத்தில் இருக்கை காத்திருக்கவுமில்லை. இலட்சக்கணக்கானோர் வெளியூரிலிருந்து வந்து பார்த்துச் செல்லும் இடம், எதிர்த்தெருவில் வசிப்பவருக்கு அந்நியமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

இதனை உணர்ந்து செய்யப்பட்ட சிறு செயல் ஒன்று குறிப்பிடத்தக்கது. 2001இல் கலைஞர் இருவர், சரக்குப் பெட்டகங்கள் இரண்டை வெட்டி இணைத்து, கல்கரி ஆலையின் நிழலில் ஒரு நீச்சல் குளத்தை அமைத்தனர். அது கலைப்படைப்பாகவே செய்யப்பட்டது. ஆனால், கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடுகின்றனர். அப்பிள்ளைகளுக்குக் கலைக் கோட்பாடு தெரியாது. இது நம்முடைய இடம் என்பது மட்டும் தெரியும். பெரிய கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய அரங்குகளை விட அக்குளம் மூன்றாம் கடனை நன்றாகத் தீர்த்தது என்று துணிந்து கூறலாம்.

கலையின் பங்கு என்ன?

'அப்படியானால் கலைஞர் அங்கே வராமலே இருந்திருக்கலாமே' என்று சிலர் கேட்கலாம். கலைஞர் வந்திராவிட்டால் அக்கோபுரம் இன்று நின்றிருக்காது. கேள்வி கேட்கப் பன்னிரண்டு கற்களும் இருந்திரா. மேலும், உடல் தேய உழைத்த கூடத்தில் உடல் விடுதலை பெற்று ஆடுகிறதென்றால் அதில் ஓர் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. கலை செய்யக்கூடாதது ஒன்றே: நீதி செலுத்த வேண்டிய கடனைத் தான் செலுத்திவிட்டதாக எண்ணிக்கொள்வது. கடனைத் தீர்க்கும் ஆற்றல் கலைக்கு இல்லை. அது தீரவில்லை என்பதை நமக்கு நினைவூட்டும் ஆற்றல் உண்டு.

இக்கேள்வியிலிருந்து திருச்சபையும் விலகி நிற்க முடியாது. சுரங்கத் தொழிலாளரின் மறைமாவட்டமாக 1958இல் பிறந்தது எஸ்ஸென் மறைமாவட்டம். சுரங்கங்கள் குறைய மக்களும் குறைந்தனர். 2006க்குப் பின் அங்கே ஆலயங்கள் பல மூடப்பட்டன. தொடக்கத்தில் நாம் கண்ட 1222ஆம் விதி அங்கே நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய வழிகாட்டியாயிற்று. சுரங்கமும் ஆலயமும் ஒரே மக்களுடையவை. ஒன்றை மதிப்போடு கைமாற்றிவிட்டு, மற்றதை மதியாது விட்டுவிட முடியுமா?

வாசகர்களே, ரூர் நிலத்தில் இன்னும் ஒரு வேலை ஓயவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கரி வெட்டியதால் அங்கே நிலம் சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. நீரை இறைத்துக்கொண்டே இராவிட்டால் பல ஊர்கள் ஏரியாகிவிடும். எனவே, எந்திரங்கள் அல்லும் பகலும் இறைக்கின்றன. அவை என்றாவது நிற்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்காகவே 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அச்செலவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நித்தியப் பணிகள்'. கணக்கர் ஏட்டில் 'நித்தியம்' என்னும் சொல் இடம்பெறுவது அரிது. மண்ணுக்குச் செய்த காயத்துக்குத் தவணை முடிவதில்லை என்பதை அக்கணக்கர் ஒப்புக்கொண்டுவிட்டனர்.

மண்ணுக்கே அப்படியென்றால் மனிதருக்கு? அடுத்த முறை அழகாக்கப்பட்ட ஆலை ஒன்றினுள் நாம் நுழையும்போது, சுவரின் எழிலை வியந்த பின்னர் மூன்று வினாக்களைக் கேட்போம்: இங்கே உழைத்தவர் உண்டனரா? அவர்தம் கதையைச் சொல்ல இங்கே யாரேனும் உளரா? அவர்தம் பேரப்பிள்ளைகள் இவ்வாயிலில் தயங்காமல் நுழைகின்றனரா? விடை தெரியாவிட்டால் அங்குள்ளோரிடம் உரக்கக் கேட்போம். கேட்கும் பிள்ளை இருக்கும்வரைதான் கற்களுக்குப் பொருள் உண்டு.